ஒரு கோடு குறைந்த கடிதம்

ஷாங்காயில் மழை மூன்று நாளாக விடவில்லை. அந்தக் காலையில் ஜி போசுன் வீட்டுக்கு ஃபாங் ரூயின் வந்தபோது அவள் குடையை விரிக்கக்கூட மறந்திருந்தாள். அவளை அழைத்துவந்தவன் அச்சுக்கோக்கும் அகுய். ஜி நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் கையெழுத்துகளைச் சோதித்து, மனம் கசந்து வேலையை விட்டவர். இப்போது அவர் தொடும் வழக்குகளில் எல்லாம் அகுய் வலிய வந்து ஒட்டிக்கொள்வான்.

ரூயினின் கணவன் நாவலாசிரியன் சூ வெய்தாங். பணக்கார நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. முதல் நாவலில் குத்தகைக்காரர்களைப் பட்டினி போடும் ஒரு கொடியவனைப் படைத்து, அவனுக்குத் தன் தந்தையின் பெயரையே வைத்தான். அன்றோடு குடும்பம் அவனைத் தலைமுழுகியது. இரண்டாவது நாவலை அரசாங்கம் தடை செய்தது. நூற்பாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றிய மூன்றாவது நாவல், முடிந்த கையோடு தலையணைக்குள் வைத்துத் தைக்கப்பட்டது. புதன்கிழமை சிகரெட் வாங்கப் போனவன் திரும்பவில்லை. அந்த வசந்தத்தில் அப்படிப் போன எழுத்தாளர்கள் எவருமே திரும்பியிருக்கவில்லை.

இன்று விடியலில் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது.

"நலமாக இருக்கிறேன். இருக்கும் இடமும் நலம். நாவலையும் நண்பர்களின் முகவரிகளையும் எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கு வடக்குச் சந்தைத் தேநீர்க்கடைக்கு நலமாக வந்து சேர்."

"அவர் கையெழுத்துதான், ஐயா" என்றாள் ரூயின். "ஆனா போக மனசு வரமாட்டேங்குது."

ஜி உருப்பெருக்கிக் கண்ணாடியை வெகுநேரம் கடிதத்தின் மேல் நகர்த்தினார். 'நலம்' என்பதைக் குறிக்கும் 'ஆன்' என்ற சீன எழுத்தில் கடைசிக் கோடு இல்லை.

"அவசரத்துல விட்டிருப்பாரு, அண்ணே" என்றான் அகுய்.

"ஒரு தடவைன்னா அவசரம். மூணு இடத்திலயும் அதே கோட்டைக் காணோம். அவர் கை மாதிரியே வேற யாரோ எழுதியிருக்காங்க."

வெய்தாங்கின் கையெழுத்தை நன்றாக அறிந்தவர்கள் யார் என்று கேட்டார். இரண்டே பேர். ஒருவர் பதிப்பாளர் குவாங். புது நாவலைத் தொடவே மாட்டேன் என்று போன வாரம் பயந்து கையை விரித்தவர். மற்றவன் பள்ளித் தோழன் பெய் லியாங்; வெய்தாங்கின் கிறுக்கல்களைப் பத்து ஆண்டுகளாகப் படி எடுத்துக் கொடுப்பவன். எழுதியது குவாங்தான் என்று அகுய் சத்தியம் செய்யாத குறை. ஜி இருவரையும் நண்பகலுக்கு ரூயினின் அறைக்கு வரவழைத்தார்.

சமையலறைக்கு மேலிருந்த அந்தச் சிறு அறையில் ஐந்து பேர் உட்காரவே இடமில்லை. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு தாளைத் தந்தார் ஜி. 'எங்கிருந்தாலும் நலமாகத் திரும்பி வா' என்று எழுதச் சொன்னார். குவாங்கின் எழுத்து கோணியது, ஆனாலும் முழுதாக இருந்தது. பெய் அழகாக எழுதினான்.

ஜி அவன் தாளைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். அதிலும் 'ஆன்' எழுத்துக்குக் கடைசிக் கோடு இல்லை.

"அப்பா பேர்ல இருக்கிற எழுத்தை மரியாதைக்காக ஒரு கோடு குறைச்சு எழுதுறது பழைய வீடுகளோட வழக்கம். கை தானா விட்டுடும். அப்பா பேரையே கொடியவனுக்கு வச்ச வெய்தாங்குக்கு அந்த வழக்கம் கிடையாது. உங்க அப்பா பேர் என்ன, பெய்?"

பெய் எழுதுகோலைக் கீழே வைத்தான்.

"பெய் ஆன்ஷி" என்றான் பிறகு. "எழுபத்தோரு வயசு. பத்து நாளா ரகசியப் போலீஸ் பிடியில இருக்காரு, அண்ணி. வெய்தாங் எப்போ வெளிய வருவான்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் இந்தக் கடிதம். நாவலும் முகவரியும் கிடைச்சா அப்பாவை விடுறோம்னாங்க."

ரூயின் அழவில்லை. "அவர் எங்க?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை காலையிலயே சுட்டுட்டாங்க."

அகுய் அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தான். ரூயின் கையை நீட்டித் தடுத்தாள். குவாங் முகத்தை மூடிக்கொண்டார்.

"சந்து முனையில ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்றான் பெய். "நான் எந்தப் பக்கம் போறேனோ அந்தப் பக்கம்தான் வருவாங்க. பழைய பேப்பர் இருந்தா நாவல் மாதிரி ஒரு கட்டாக் கட்டிக் குடுங்க. நாலு மணி வரைக்கும் அந்தக் கடையில உக்காந்திருப்பேன்."

"நாலு மணிக்கு அப்புறம்?" என்றார் ஜி.

பெய் எழுந்து நின்றான். ரூயின் பழைய செய்தித்தாள்களைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். ஜன்னலோரம் நின்ற ஜி, சந்து முனையிலிருந்த இரண்டு தொப்பிகளும் அவன் பின்னால் வடக்கே நகர்வதைப் பார்த்தார். பிறகு அகுய் தலையணையைக் கிழித்தான்.

நான்கு மணிக்குள் பதினோரு நண்பர்கள் வீடு மாறிவிட்டார்கள். ரூயின் மாலைப் படகில் ஊரைவிட்டுப் போனாள். குவாங், யாரும் எதிர்பாராதபடி, நாவலைச் சமையல் குறிப்புப் புத்தகம் போல அட்டை போட்டு அச்சிட்டார். அகுய்தான் அச்சுக் கோத்தான்.

மூன்றாவது வாரம் ஜியின் கதவை ஒரு கிழவர் தட்டினார். கன்னம் ஒட்டியிருந்தது, மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. நாவலும் முகவரிகளும் சிக்காத பிறகும் எதற்காகத் தன்னை விட்டார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

"உட்காருங்க, பெரியவரே" என்றார் ஜி.

"காணாமப் போனவங்களை நீங்க தேடித் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றார் கிழவர். "என் பையன் வீடு பூட்டிக் கிடக்கு. பேரு பெய் லியாங்."