நிரோஜினியின் பெயரில் மாறிய விதி

திங்கட்கிழமை காலை. தீவுக் கிராமமான இறுப்பிட்டி.

கொழும்புத் தனியார் வைத்தியசாலையிலிருந்து வந்த மின்னஞ்சலை நிரோஜினி இரண்டு தரம் வாசித்தாள்.

கணினிப் பாதுகாப்புக்கென்று உலகத்தில் ஆயிரம் தர விதிகள். மனிதர் வாசித்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். அதனால் நிறுவனங்கள் அந்தத் தலையிடியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் விட்டுவிட்டன. முகவர் கேட்கும் கேள்விக்குப் பொருத்தமான விதியைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கருவிதான் நிரோஜினி செய்தது.

'வேலையை விட்டுப்போனவர்களின் கணக்கை மூட வேண்டுமா?' என்று வைத்தியசாலையின் முகவர் கேட்டிருக்கிறது. 'கட்டாயமில்லை' என்று கருவி சொல்லியிருக்கிறது. உண்மையான விதி நேரெதிர். மூடாமல் விட்ட பழைய கணக்கொன்றின் வழியாக ஞாயிறன்று யாரோ உள்ளே போய், நோயாளிகளின் விபரங்களை அள்ளிவிட்டார்கள். விதியை வெள்ளி மத்தியானம் அலுவலகக் கணினியில் மாற்றியவர் நிரோஜினி என்று கருவியின் பதிவே காட்டியது. பின்னேரம் இரண்டு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் பொலிஸ்.

வெள்ளி மத்தியானம் அவள் காய்ச்சலோடு வீட்டில் தனியே படுத்திருந்தாள். சாட்சிக்கு ஒரு பூனைகூட இல்லை.

ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொல்பவள் தன் கடவுச்சொல்லை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தாள். ஒருத்தி, கூட வேலை செய்யும் கிருசாந்தி. மற்றவன் தில்லைநாதன், பெரியம்மாவின் மகன். அந்த வைத்தியசாலையின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். வைத்தியசாலையை வாடிக்கையாளராகப் பிடித்துத் தந்ததும் அவன், அலுவலகத்துக்குத் தன் வீட்டு முன்னறையைச் சும்மா தந்ததும் அவன். அப்படிப்பட்ட அண்ணையிடம் கடவுச்சொல்லை மறைக்க எந்தத் தங்கச்சிக்கு மனம் வரும்? போன கிழமைத் தொடக்கத்தில் அவனுடைய தகப்பன்வழிச் சித்தப்பா ரொறன்ரோவில் காலமானபோது, செத்தவீட்டை மூவரும் அந்த முன்னறையிலிருந்துதான் ஃபோனில் பார்த்தார்கள்.

அலுவலகத்துக்குப் போய், முதலில் கிருசாந்தியைக் கூப்பிட்டாள்.

"வெள்ளி மத்தியானம் எங்கை நிண்டனீர்?"

"சாட்டிக் கடற்கரையிலை, அக்கா. நோர்வே மாமி ஆக்களோடை."

"இடையிலை இஞ்சை வந்தனீரோ?"

"என்னையோ சந்தேகப்படுறீங்கள்?" கிருசாந்தியின் கண் கலங்கிவிட்டது.

அவள் வெளியே போனதும், பக்கத்தில் நின்ற தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினான். "அவளை விடாதை. வேறை இடத்திலை வேலை தேடித் திரியிறாள்."

"நீங்கள் எங்கை அண்ணை போனனீங்கள்?"

"வெள்ளிக்கிழமையிலை நான் வேறை எங்கை போறது? நயினாதீவு அம்மன் கோயிலுக்குத்தான். உனக்குக் காய்ச்சலெண்டு உன்ரை பேரிலை அருச்சனையும் செய்விச்சனான்."

நிரோஜினிக்கு மனம் இளகியது. கிருசாந்தியின் பெயரோடு பதிலை எழுதத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. ஆயிரம் விதிகள் இருக்க, ஏன் இந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்? கருவியைக் கெடுக்க வந்தவன் கண்டதையும் கெடுத்திருப்பான். இந்த விதி யாருக்குத் தேவை? வைத்தியசாலையை விட்டு வந்து, அங்கே இன்னும் கணக்கு மூடப்படாதவனுக்கு.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணை, செத்தவீட்டுத் துடக்கோடை கோயிலுக்குள்ளை போய் அருச்சனை செய்விச்சனீங்களோ?"

தில்லைநாதன் பின்னால் நகர்ந்து கதிரையில் அமர்ந்தான். சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியாமல் அவன் கோயில் வாசலையும் மிதிக்கமாட்டான். வெள்ளி என்றால் நயினாதீவு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவசரத்துக்கும் அதையே சொல்லிவிட்டது. கேட்டுப் பழகிய நிரோஜினியின் காதுக்கும் முதலில் அது உறைக்கவில்லை.

"விபரங்களை ஆருக்கு வித்தனீங்கள்?"

"கலியாணப் புறோக்கர் ஒருத்தனுக்கு. வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் பொம்பிளையளின்ரை நோய் வருத்தங்களை விசாரிக்கினமாம். ஒருத்தரும் சாகேல்லையே, பிள்ளை."

"என்ரை பேரிலை ஏன் அண்ணை?"

களவைக்கூட நிரோஜினி பொறுத்திருப்பாள். காய்ச்சலில் கிடந்தவளின் பெயரில் களவெடுத்துவிட்டு, அதே பெயருக்கு அருச்சனை என்று சொல்ல அவனுக்கு எப்படி நாக்கு வந்தது?

"கிருசாந்தியெண்டு சொல்லிவிடு," என்று கெஞ்சினான். "அவள் பிறத்தி, சொந்தமில்லை. நான் உன்ரை அண்ணையல்லோ."

இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

"செய்தது தில்லைநாதன்," என்றாள் நிரோஜினி. "என்ரை பெரியம்மாவின்ரை மகன். கடவுச்சொல்லைக் குடுத்தது நான்."

அழைப்பை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கிருசாந்தி கைப்பையோடு வாசலில் நின்றாள்.

"கள்ளன் பிடிபட்டிட்டான், கிருசாந்தி. நீர் இனி ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

"சந்தோசம், அக்கா," என்றாள் அவள். "ஆனால், என்னட்டைத்தானே முதல் கேட்டனீங்கள்."

தெருப் படலை சாத்தும் சத்தம் கேட்டது.