முன்சொல்லாத செபமாலை

இங்கிலீஷ்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருசங்களுக்குப் பிறகு, பொழுதுபடுகிற நேரம் ஒன்றில், பகுத்தறிவுக் கழகச் செயலாளர் தம்பிராசா துறைமுகத்தடியிலிருந்த நிக்கலஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கழகத்தின் அங்கத்தவர்கள் எல்லாரையும் ஒரே வாங்கில் இருத்திவிடலாம். தோளில் கிடந்த சால்வை மட்டும் ஊரையே ஆளுகிறவனுடையதுபோல இருந்தது.

நிக்கலஸ் கத்தோலிக்க வேதத்தை விட்டிருந்தார். மனைவி திரேசம்மா சாகக் கிடந்த மாலை, கட்டிலருகே இருந்து செபமாலையை முன்சொன்னவர் அவர். வீட்டுக்காரர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லுவது வேதக்கார வீடுகளின் வழக்கம். செபமாலை பாதியில் நிற்கையில் அவள் அடங்கிப்போனாள். செபமாலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிய நிக்கலஸ், அதன்பின் ஒரு சிலுவைகூடப் போடவில்லை.

"நாளைக்குக் கூட்டத்தில உங்கட பேச்சுத்தான் முதல், தோழர். கடவுளை ஏன் கைவிட்டனான் எண்டு சொல்லுங்கோ. சனம் அதிரவேணும்."

"ஓம்," என்றார் நிக்கலஸ். மீன் வாங்கிவரச் சொன்னாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

கரையிலிருந்து டீசல் நாற்றமும் அழுகிய பாசி வாடையும் வந்தன. விளக்கு ஏற்றியிருக்கவில்லை. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

அறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், வறண்டு, மெல்ல:

"பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்."

பிறகு அமைதி. முதற்பாதியை ஒருவர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு.

மறுபடியும் அதே குரல்.

"ஆர் உள்ளுக்கு?"

"என்ர மனுசி."

"அவ... அது காத்து, தோழர். கடல்காத்து."

"காத்துக்குச் செபம் ஆர் படிப்பிச்சது?"

சால்வை நழுவி விழுந்தது. தம்பிராசா அதை எடுக்கவில்லை.

"நீங்கள் முன்சொல்லி முடிச்சு விடுங்கோவன்," என்று கிசுகிசுத்தார் பகுத்தறிவுக் கழகச் செயலாளர். "போயிடுவா."

"சொன்னால் போயிடுவாள். அதுதான் சொல்லேல்லை."

குரல் கதவடிக்கு வந்துவிட்டது.

பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் பழகிய தம்பிராசாவின் நாக்கு, கழகத்தைக் கேளாமலே, "அருள் நிறைந்த மரியாயே..." என்று தொடங்கி முதற்பாதியை முழுவதும் ஒப்புவித்தது.

மறுபாதி அவருடைய காதுக்குள் வந்தது.

ஈரமாக.

பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நிக்கலஸ் அறைவாசலில் கனநேரம் காத்து நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"என்ர மனுசியைக் கூட்டிக்கொண்டு போறீங்கள்," என்றார்.

மறுநாள் மாலை மேடையில் தம்பிராசாவே முதலில் பேசினார். "கடவுள் இல்லை!" என்று முழங்கி, கைதட்டலுக்காக வழக்கம்போல நிறுத்தினார்.

சனம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில், அவருடைய காதுக்குள் திரேசம்மா மறுபாதியைச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

தம்பிராசா ஒலிவாங்கியை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். முன்வாங்கில் நிக்கலஸ் கண்களை மூடித் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டாதேங்கோ, தோழர்," என்றார். "இன்னும் கொஞ்சம் கதையுங்கோ."