புறங்கை

அந்த பிளக் பாயின்டில் எதுவுமே செருகியிருக்கவில்லை. ஆனாலும் ட்ரிப்பர் விழுந்தது.

காலையிலிருந்து இது ஏழாவது தடவை. வாசல் பக்கத்து மெயின் போர்டில் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே வீடு முழுக்கக் கரண்ட் போய், படுக்கையறையில் வயர்மேனின் மனைவிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்த மிஷின் கீச்சிட்டு அடங்கியது. அவர் ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக் கோளாறையெல்லாம் தீர்த்தவருக்குச் சொந்த வீடு தண்ணி காட்டியது. சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்திருந்தது. அடுத்தது நாளைக்குத்தான் வரும்.

"ஏங்க, சுவத்துக்குள்ள யாரோ மூச்சு விடறாப்ல இருக்கு."

"உன் மிஷின் சத்தம்தாம்மா."

மிஷின் ஓடவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

கட்டிலுக்கு அருகே இருந்த அந்த பாயின்டைத் திருகு கழற்றித் திறந்தார். மழை ஈரம் ஊறிய சிமென்ட் வாசனையோடு, முடி பொசுங்கினாற்போல ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. வயர்களைத் தனியாகப் பிரித்து, முனைகளில் டேப் சுற்றிவிட்டு, போய் ட்ரிப்பரைத் தூக்கிவிட்டார். இரண்டு நிமிஷம் விழாமல் நின்றது. டக்.

"ட்ரிப்பர் சும்மா விழாதுங்க. கரண்ட்டு யார் மேலயோ பாயுதுன்னு அர்த்தம்" என்று வீடு வீடாகப் பாடம் எடுத்தவர் அவர். ட்ரிப்பரை விட்டுவிட்டு நேரே லைன் இழுத்து டைரக்ட் கொடுக்கச் சொன்னவர்களைத் திட்டியிருக்கிறார். ஆனால் இப்போது முள் பூஜ்யத்தைத் தொட்டது. அவள் உதடு நீலம் பாய்ந்தது. வேறு வழி தெரியவில்லை. வெட்கத்தோடு, தன் கையாலேயே டைரக்ட் கொடுத்தார்.

ஹாலிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிஷின் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டில் நிறம் திரும்பி, கண் அசந்தாள். வயர்மேன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். சுற்றிய டேப் தரையில் கிடந்தது. பாயின்ட் இருந்த சுவர் ஓட்டைக்கு வெளியே ஒரு சாண் நீட்டி விட்டிருந்த வயர், விரல் நீளம்தான் இருந்தது.

அவர் பார்க்கப் பார்க்க அது உள்ளே போனது. மெதுவாக. மிஷின் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் கொஞ்சம்.

மெயினை அணைக்கலாம். அணைத்தால் அவள் போய்விடுவாள்.

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் வாசலில் இருந்தது. அந்த ஓட்டையையும் அவளையும் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. தொழில் தொடங்கிய நாள் முதல் சந்தேகம் வந்தால் புறங்கையால்தான் தொடுவார். கரண்ட் இருந்தால் கை தானாக உதறிக்கொண்டு வெளியே வந்துவிடும்; உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும்.

புறங்கையை ஓட்டையின் விளிம்பில் வைத்தார்.

கரண்ட் இருந்தது. கை உதறியது. வெளியே வரவில்லை.

கத்த வாய் திறந்தார். தாடை இறுகிப்போனது. காது மட்டும் வாசல் பக்கம் ஏங்கியது. விழுடா. விழு.

டக் சத்தம் வரவில்லை.

மிஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டைக்குள்ளிருந்து ஈரமான விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவர் மணிக்கட்டைச் சுற்றி, இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தன.