காலி வண்டியின் பாரம்

அந்த வெள்ளை பிக்கப் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். தூறல் விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அதன் சத்தம். உள்ளே கிரீஸ் வாடையும் நனைந்த ரப்பர் வாடையும். தினமும் வருகிற மாதிரி ஒரு வண்டி, ஒரு டிரைவர். அப்படித்தான் நினைத்தேன்.

பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். ஸ்பேனர் பிடிக்கிற வேலையெல்லாம் என் வீட்டுக்காரருக்கு. எல்லோரும் அவரை ‘ஜாக்கி’ என்றே கூப்பிடுவார்கள்; கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் சில நேரம் எனக்கே மறந்துவிடும். வயரிங், சென்சார், கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

டிரைவருக்கு முப்பது வயதுக்குள்தான். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. சாவியைக் கொடுத்ததும் வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

“அண்ணே, பின்னாடி இடது பக்கம் உக்காந்துருக்கு. ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் கனமா மாத்திருங்க. காத்துப்பை வச்சுத் தூக்கிக் குடுக்குற செட்டு இருக்காமே, அதையும் போட்டுருங்க. நாளைக்கு அண்ணியையும் பாப்பாவையும் சாமானோட ஏத்திட்டுப் போய் அவங்கம்மா வீட்டுல விடணும்.”

“உங்கண்ணன் வரலையா?” என்று கேட்டேன்.

“அண்ணன் தவறிட்டாருக்கா. ரெண்டு மாசம் ஆகுது.”

கணக்கு நோட்டில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டேன்.

ஜாக்கி டேப்பை எடுத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே இருக்கும் வளைவு வரை அளந்தார். வலது பக்கம் ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். இடது பக்கம் நாற்பத்தொன்பது. பின்னால் ஒரு துரும்பு கூட இல்லை.

வண்டியைத் தூக்கி, பழைய ஸ்பிரிங் பட்டைகள் இரண்டையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இந்தா, இங்க வாயேன். ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. விரிசல் இல்ல, வளைவும் குறையல. அப்புறம் எப்படி ஒரு பக்கம் மட்டும் சாயும்?”

“புதுசு போட்டா சரியாயிரும்” என்றேன்.

புதுப் பட்டை, புது ஷாக், அதற்கு மேல் காற்றுப்பை, உயரம் காட்டும் சென்சார். எல்லாம் பூட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. வண்டியை மெல்லக் கீழே இறக்கினார். டயர்கள் தரையைத் தொட்டன. வண்டி நிமிர்ந்து, அளந்து வைத்த மாதிரி நேராக நின்றது.

ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

பிறகு இடது பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. வயதான ஆள் கட்டிலில் பார்த்து உட்காருகிற மாதிரி, அவ்வளவு நிதானமாக.

அளந்தோம். அதே நாற்பத்தொன்பது.

ஜாக்கி என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி என் வேலை. புதிதாக வைத்த சென்சாருக்கு, வண்டி காலியாக இருக்கும்போது எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று பதிவு பண்ணித் தர வேண்டும். அந்தச் சமயத்தில் உள்ளே ஆளும் இருக்கக் கூடாது, பின்னால் பாரமும் இருக்கக் கூடாது. கதவு வழியாக ஒயரை இழுத்து, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பட்டனை அழுத்தினேன்.

பாரத்தை இறக்கு, என்றது திரை.

மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் அதே சொல். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று கீழே இரண்டு எண்கள். இடது நாற்பது. வலது பூஜ்யம்.

“நான் ஏறிப் பாக்குறேன். வலது பக்கம் என் எடையைக் காட்டுதான்னு சொல்லு” என்று ஜாக்கி பின்னால் ஏறி, வலது மூலையில் நின்றார்.

வலது எண் இருபதுக்குப் போய் நின்றது. சென்சார் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

இடது எண் குறைய ஆரம்பித்தது.

முப்பத்திரண்டு. இருபத்தைந்து. பத்து.

வலது எண் கூடிக்கொண்டே போனது. முப்பது. நாற்பத்தைந்து. அறுபது.

ஜாக்கி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஏதோ ஒன்று அவரை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க” என்றேன். “இறங்குங்க.”

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “பின்னாடி யாரு நிக்கிறது?” என்று கிசுகிசுத்தார். “கழுத்துல மூச்சு படுது.”

“இறங்குங்கன்னா!”

குதித்தார். முழங்கால் தரையில் இடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. வண்டி ஒருமுறை ஆடியது. எண்கள் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பின. இடது நாற்பது. வலது பூஜ்யம்.

அப்போது, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் சத்தம் கேட்டது.

டக். டக்.

டிரைவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டான். “ரெண்டு தட்டு தட்டினா வண்டிய நிறுத்துன்னு அர்த்தம்” என்றான். “எங்களுக்குள்ள அதான் பழக்கம்.”

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அண்ணன் தவறிய அன்று கண்ணாடி வைத்த பீரோ ஒன்றை ஏற்றிப் போயிருக்கிறார்கள். அண்ணன் பின்னால் இடது மூலையில் நின்று பீரோவைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் இருவருக்கும் வாய்த்தகராறு. பாதி வழியில் கயிறு தளர்ந்ததும் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார்.

“கேட்டுச்சா உனக்கு?” என்றார் ஜாக்கி.

“கேட்டுச்சுண்ணே. வீம்பு. தட்டட்டும்னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன். தட்டிக்கிட்டே இருந்தாரு. வளைவுல திருப்புனப்பதான் சத்தம் நின்னுச்சு.”

தூறல் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

“அண்ணிகிட்ட, சத்தமே கேக்கலைன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. நாளைக்கு அதே இடத்தில் ஒரு குழந்தை உட்காரப் போகிறது என்பதுதான் முன்னால் நின்றது.

“முதல்ல எந்த இடத்துல தட்டினாரோ அங்க போய் நிறுத்து. போய் நின்னுட்டு வா. அப்புறம் நேரா அண்ணிகிட்ட போய் உள்ளதைச் சொல்லு” என்றேன்.

“சொல்றேன்க்கா. சத்தியமா சொல்றேன். ஆனா நீங்களும் கூட வாங்க. தனியா என்னால முடியாது.”

மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கருவி என் மடியில். ஊர் தாண்டினோம். வைப்பரின் சத்தம் மட்டும். நனைந்த கயிற்று வாடை ஒன்று எங்கிருந்தோ வந்து மூக்கை அடைத்தது. பின்னால் கயிறு எதுவும் இல்லை.

வளைவு இருக்கிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை தூரத்தில் தெரிந்தது.

டக். டக்.

என் பின்னந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி ஓரமாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, “நிறுத்திட்டேண்ணே” என்றான். “இறங்கிக்கோண்ணே.”

பின்கதவின் சங்கிலி ஒருமுறை குலுங்கியது. கருவியில் எண்களைப் பார்த்தேன். எங்கள் எடையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் தாழ்ந்திருந்தன. ஆனால் இரண்டும் ஒரே எண். பன்னிரண்டு, பன்னிரண்டு.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்கு வந்து காலி வண்டியில் பட்டனை அழுத்தினேன். பதிவாகிவிட்டது என்றது திரை. இரண்டு பக்கமும் டேப் ஒரே அளவைக் காட்டியது. டிரைவர் சிரித்தான், அழுதான், ஜாக்கியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வந்தபோது இருந்த ஆள் மாதிரியே இல்லை.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். நான் ஜன்னலோரம் போனேன்.

“வீட்டுக்குப் போனதும் அண்ணிகிட்ட சொல்லிரு, தம்பி.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அதான் இறங்கிட்டாருல்லக்கா. இனி எதுக்கு அதைப் போய்க் கிளறிக்கிட்டு? அண்ணி என்னைத்தான் நம்பி இருக்காங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

“சத்தியம் பண்ணியே.”

“பாத்துக்கலாம்க்கா.”

கியரைப் போட்டான். வண்டிக்குள் ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. அவன் பெல்ட் போட்டிருந்தான். பக்கத்து இருக்கையில் ஒரு பை கூட இல்லை. இருக்கையைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டியவன், நெருப்பைத் தொட்டது போல இழுத்துக்கொண்டான்.

“அக்கா” என்றான்.

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்தேன்.

க்ளிக்.

மணி நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். காலி இருக்கையில் பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு ஆளின் மார்பளவு முன்னால் தள்ளி, காற்றில் விறைத்து நின்றது.

நிதானமாக மூச்சு விடுவதுபோல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.