காயாத செடி

இன்றும் பேப்பர் ஈரமாகவே இருந்தது.

லாவண்யாவுக்கு இந்த வேலை புதிதல்ல. செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து, வேரையும் படியவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே வாரால் இறுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் பேப்பர் மாற்றினால் எந்தச் செடியும் சில நாளில் அப்பளமாகிவிடும். இந்தச் செடி மட்டும் பறித்த அன்றுபோலவே பச்சையாக இருந்தது. ஈஜிபுராவின் அந்த வாடகை வீட்டில், பக்கத்து வீட்டுச் சாம்பார் மணத்தையும் மீறி ஆற்றுப்பாசி நாறியது.

காவிரி குறுகிப் பாயும் மலையிடுக்கில், அணை வந்தால் எதெல்லாம் முழுகும் என்று பார்க்க அவளைக் கம்பெனி அனுப்பியிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப்போட்ட பீர் பாட்டில்களுக்கு மேலே, பாறை வெடிப்பில் தனியாக நின்றது செடி. கூட வந்த லாயிட் தடுத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு லாவண்யா. போட்டோ போதும், வேரோட புடுங்காத."

"எப்படியும் முழுகத்தானே போவுது? சாட்சிக்காவது இருக்கட்டும்."

வேர் பெயர்ந்து வந்தபோது வெடிப்புக்குள் யாரோ மூச்சை உள்ளிழுத்ததுபோல் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பலகைமேல் பாரம் வைக்க அங்கிருந்தே ஓர் உருண்டைக் கல்லையும் எடுத்துவந்தாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

முதலில் ஜன்னலோர மணிபிளாண்ட் சருகானது. பிறகு, நிரப்பிவைத்த குடம் காலையில் காலி. பிறகு வீணா, அவளுடைய ஒரே குழந்தை. உதடு வெடித்து, எவ்வளவு குடித்தாலும் "அம்மா, தண்ணி" என்றாள். டாக்டர் வெயில் என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

 லாவண்யா லாயிடுக்குப் போன் செய்தாள்.

"வண்டி எடுத்துட்டு வா. அந்தச் செடிய எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துடலாம்."

"இதோ வரேன். பாப்பாவ தனியா வுடாத."

கூடத்து மூலைக்குப் போனாள். பலகைமேல் கல் இல்லை. வார் அவிழ்ந்து கிடந்தது. பேப்பரைப் புரட்டினாள். ஈரம். அடுத்ததும் ஈரம். செடி இல்லை.

"வீணா?"

 உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

தரையெல்லாம் செய்தித்தாள். நடுவில் குழந்தை. கைகால் ஒன்றன்மேல் ஒன்று படாமல். விரல்கள் தனித்தனியாக. நெஞ்சின்மேல் அந்தக் கல்.

கன்னத்தைத் தொட்டாள். காய்ந்த இலைபோல் சரசரத்தது. அடியில் பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஈரமாயிடுச்சும்மா. பேப்பர் மாத்து."