இருபதாம் எண்ணுக்கு வந்த விருந்தாளி

கைபேசியில் தொட்டில் தெரிய வேண்டிய இடம் மறுபடியும் கறுத்துப் போனது. அவள் பல்லைக் கடித்தாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தூக்கத்தில் சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடும். அதற்காகத்தான் மாடியறையில் கேமரா மாட்டி, சமையல் மேடையில் கைபேசியை நிறுத்தி, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் வீட்டைச் சும்மா விடுவாளா? வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும். அதில் முதல் நூறு எண்கள் வீட்டுச் சாமான்களுக்கு, நிரந்தரமாக. அதற்கு மேலே உள்ளவை வந்துபோகிறவர்களின் போன்களுக்கு. கேமராவுக்கு இருபது. கைபேசி அந்தக் கதவிலக்கத்தைத் தட்டித்தான் படம் வாங்கும்.

ரவுட்டரின் அமைப்பைத் திறந்தவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வந்துபோகிறவர்களின் வரிசை நூற்றொன்றுக்குப் பதில் இரண்டிலிருந்தே தொடங்கியிருந்தது.

"ஏங்க, இதுல கை வெச்சது யாரு?"

"நான்தான்மா," என்று கணவன் இழுத்தான். "போன வாரம் வந்தவங்க பாதிப் பேருக்கு நெட் கிடைக்கல. வர்றவங்களுக்கு இடம் விடலாமேன்னு..."

"பாப்பாவோட எண்ணையே தூக்கிக் குடுத்திருக்கீங்க! யாரோ அதுல வந்து உக்காந்தாச்சு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதைதான்."

"வீட்ல நம்மள விட்டா யாரு இருக்கா?"

அவன் போன், டிவி, பிரிண்டர் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். அப்படியும் இருபதில் இரண்டு பேர் இருந்தார்கள், கேமராவும் இன்னொருவரும்.

மழை பிடித்த சாயங்காலம். கைபேசியை எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள். நாள்கணக்கில் மூடிவைத்த ஈரத்துணியின் நாற்றம் மேலே போகப் போகக் கனத்தது. எல்லாம் அணைந்த பிறகும் ரவுட்டரின் பச்சை விளக்கு கீழே விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் மூச்சு மட்டும் சீராகக் கேட்டது.

கேமராவைப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது யாரென்று தெரிந்துவிடும். வயரோடு பிடுங்கினாள்.

கைபேசியில் படம் வந்தது.

தொட்டில். நேர் மேலிருந்து. ஓரத்தில் ஒரு தலை, வகிடு.

அவளுடைய வகிடு.

நிமிர்ந்தாள். வெள்ளைக் கூரை. வேறொன்றுமில்லை.

படம் இறங்கியது. போர்வை. கழுத்து. வாய்.

"எறங்காத! என் புள்ளைகிட்ட வராத!"

கேமராவும் கைபேசியும் விழக் குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள். காலடியில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அவள் தோளும் இல்லை, கையும் இல்லை. குழந்தையின் முகம் மட்டும், திரை முழுக்க. அதன் மூச்சுப் பட்டுப் படம் மங்கியது. தெளிந்தது. மங்கியது.

தெளிந்தது.

பிறகு மங்கவே இல்லை.