கிருபா வீட்டு கேஸ் கீசர்

அஸ்தினாபுரத்தில் கிருபாவின் வீட்டுக்கு ஒரு கேஸ் கீசர் வந்தது. அது தொண்ணூற்றேழாம் வருஷம், டிசம்பர் மாதம் முதல் வாரம்.

அந்தத் தெருவில் காலை நேரத்தில் கரண்ட் இருக்கும், வோல்டேஜ் இருக்காது. டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் கீசர் வாங்கினால் ஒரு வாளி தண்ணீர் சுடுவதற்குள் ஆபீஸ் ரயில் போய்விடும் என்று அப்பா ஜெபராஜ் சொன்னார். அதனால் கேஸில் ஓடும் கீசரை வாங்கினார். வீட்டில் இரண்டாவது சிலிண்டர் ஒன்று சும்மாதான் இருந்தது.

பிளம்பர் ஸ்ரீரங்கன் வந்து கீசரைக் குளியலறைச் சுவரில் மாட்டினார். சிலிண்டரைக் கதவுக்கு வெளியே, சமையலறை ஓரத்தில் வைத்தார். இரண்டையும் ரப்பர் டியூபால் இணைத்தார். பிறகு ஒரு டம்ளரில் சோப்பைக் கரைத்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவினார்.

"எதுக்கு அண்ணா சோப்பு?" என்று கேட்டாள் கிருபா. அவள் ஆறாம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் கேட்டுவிடுவாள்.

"கேஸ் லீக் ஆச்சுன்னா நுரையில முட்டை முட்டையா வரும் பாப்பா. வருதா? வரல. நம்ம வேலை அப்படி!"

அவர் குழாயைத் திருப்பினார். கீசருக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. நீலமாக நெருப்பு பிடித்தது. ஒரு நிமிஷத்தில் ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. அம்மா ஜெயசீலி கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்று கையை உதறினாள்.

எல்லாருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு குறைதான். குளியலறையின் மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது.

"கிருபா, அதுல ஒரு அட்டையை வெச்சு அடைச்சிடேன்" என்றாள் அம்மா.

கிருபா ஸ்டூலின் மேல் ஏறி, கீசர் வந்த பெட்டியின் அட்டையையே வெட்டி, ஓர் இடைவெளிகூட இல்லாமல் ஒட்டினாள். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாள் குளித்துவிட்டு வந்த அம்மா, "தலை கிண்ணுனு வலிக்குது" என்றாள். பனியாக இருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டாள். அதற்கு மறுநாள் கிருபாவுக்கும் தலை வலித்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் வலி போய்விட்டது. மூன்றாம் நாளும் அப்படியே. அப்பாவுக்கு மட்டும் வலிக்கவில்லை. அப்பா இரண்டு நிமிஷத்தில் குளித்து முடித்துவிடுகிறவர்.

பனி என்றால் பள்ளிக்கூடத்திலும் பனிதானே? அங்கே ஏன் வலிப்பதில்லை?

அன்று மாலை கிருபா மேஜை டிராயரைத் திறந்தாள். கீசரோடு வந்த சின்னப் புத்தகம் கியாரண்டி கார்டோடு அங்கே கிடந்தது. யாரும் அதைப் பிரித்ததாகத் தெரியவில்லை. முழுக்க ஆங்கிலம், எறும்பு எறும்பாக எழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். குளியலறைக்குள் கீசர். அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

கிருபா படத்தை இன்னொரு முறை பார்த்தாள். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரைப் பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. படித்து முடித்ததும் நேராக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் அட்டையைக் கிழித்துப் போட்டாள். பிறகுதான் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கீசரை பாத்ரூமுக்குள்ள மாட்டவே கூடாதாம்."

"ஸ்ரீரங்கன் நுரை தடவிப் பார்த்தாரேம்மா. லீக் எதுவும் இல்லையே?"

"லீக் இல்லப்பா. நெருப்பு எரியறதுக்குக் காத்து வேணும். மூடின ரூம்ல காத்து தீர்ந்துபோனா அந்த நெருப்புல இருந்தே ஒரு விஷவாயு வருமாம். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதல்ல தலைவலி வருமாம். அப்புறம் மயக்கம் வருமாம்."

"அப்புறம்?"

கிருபா புத்தகத்தை நீட்டினாள். அப்பா படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கனைத் தேடிப் போனார்.

திரும்பி வந்து, "கிறிஸ்துமஸ் முடிஞ்சு மறுநாள் வந்து வெளிச்சுவத்துல மாத்தித் தர்றாராம். அதுவரைக்கும் வேலை தலைக்கு மேல இருக்காம்" என்றார்.

"அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாம்" என்றாள் அம்மா.

"பண்டிகைக்கு அண்ணன் வர்றாரே. அவருக்குப் பச்சைத் தண்ணி ஆகாதே" என்றார் அப்பா.

கிருபா யோசித்தாள். பிறகு ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள்:

'கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பவும். நிறைந்ததும் கீசரை நிறுத்தவும். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போய்க் குளிக்கவும். இப்படிக்கு, கிருபா, ஆறாம் வகுப்பு, பி பிரிவு.'

அம்மா சிரித்தாள். ஆனால் அப்படியே செய்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தலை வலிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியற்காலையில் பெரியப்பா வேதசிரோமணி பாளையங்கோட்டையிலிருந்து வந்து தாம்பரத்தில் இறங்கினார். அவருக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று வெந்நீர். இன்னொன்று பேச்சு. வீட்டுக்குள் வரும்போதே பேச ஆரம்பித்தவர், காபி குடிக்கும்போது மட்டும் நிறுத்தினார்.

குளிக்கப் போனபோது நோட்டீஸை உரக்கப் படித்தார். "ஏளா கிருபா, அரசாங்க உத்தரவு மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா வாசலில் ஏணி மேல் நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாளி நிறையும் நேரம் ஆகியும் அது நிற்கவில்லை.

"பெரியப்பா, கீசரை நிறுத்திட்டுக் கதவைத் திறங்க!"

"சுடுதண்ணி தலையில விழுந்துக்கிட்டே இருக்கணும்ளா. வாளித் தண்ணி யாருக்கு வேணும்? ஜன்னல்ல மட்டும் குளிர்க்காத்து வந்துச்சு. துண்டை வச்சு அடைச்சுட்டேன்."

கிருபா கதவைத் தட்டினாள். "ஐயோ, துண்டை எடுத்துடுங்க பெரியப்பா! அதுலதான் ஆபத்து!"

"ரெண்டே நிமிஷம். இதோ வந்துட்டேன்."

அவள் வாசலுக்கு ஓடினாள். "அப்பா, பெரியப்பா ஜன்னலை அடைச்சிட்டார்!"

"இந்த முடிச்சைப் போட்டுட்டு வர்றேன்மா" என்றார் அப்பா, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு.

கிருபா திரும்பி வந்தாள். சிலிண்டரை மூடிவிடலாமா? மூடினால் தலைநிறைய சோப்போடு இருக்கும் பெரியப்பா மேல் பச்சைத் தண்ணீர் கொட்டும். விருந்தாளியை அப்படிச் செய்யலாமா? அவளுக்குக் கை வரவில்லை. ஒன்று செய்யலாம். பெரியப்பா பேசிக்கொண்டே இருக்கும்வரை நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அவரைப் பேச வைப்பதா கஷ்டம்?

"பெரியப்பா, ரயில்ல கூட்டமா?"

"கூட்டமா! விழுப்புரத்துல ஒரு ஆள் கூடையில கோழியோட ஏறினான், கேட்டியா? அந்தக் கோழி கூடையை விட்டு வெளிய வந்து..."

கோழி சீட்டுக்கு சீட் தாவியது. ஒரு பாட்டுக்காரரின் ஆர்மோனியத்தின் மேல் நின்றது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். கதை நீண்டது. கிருபா 'ம்' கொட்டிக்கொண்டே சிலிண்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த டி.டி.ஆர்... கோழியைப் பார்த்து... என்ன சொன்னாருன்னா..."

சொற்கள் இழுத்து இழுத்து வந்தன. தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

"என்ன சொன்னார் பெரியப்பா?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"பெரியப்பா?"

கிருபா மூன்றாவது முறை கூப்பிடவில்லை. சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்பி மூடினாள். "அப்பா! பெரியப்பா பேசலை!" என்று அவள் கத்திய கத்தலில் அப்பா ஏணியிலிருந்து குதித்தே வந்துவிட்டார்.

அப்பா கதவை இடித்தார். கிருபா நிற்கவில்லை. பின்பக்கம் ஓடி, துணி உலர்த்தும் கம்பை எடுத்து, வெளியிலிருந்து ஜன்னலில் குத்தினாள். ஈரத் துண்டு கெட்டியாக இருந்தது. மறுபடியும் குத்தினாள். மூன்றாவது குத்தில் அது உள்ளே விழுந்தது. அதே நேரத்தில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்துகொண்டது.

பெரியப்பா சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். அப்பா அவர்மேல் ஒரு வேட்டியைச் சுற்றினார். இருவருமாக அவரை இழுத்துப் பின்பக்கம் திறந்த வெளியில் கிடத்தினார்கள். கிருபா விசிறியை எடுத்து விசிறு விசிறு என்று விசிறினாள். அவர் பெரிதாக மூச்சை இழுத்தார். கண்ணைத் திறந்தார். எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள்.

"எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்?" என்று கேட்டார் டாக்டர்.



"இருபது நிமிஷம் இருக்கும் டாக்டர். பேச்சு நின்ன உடனே கேஸை மூடிட்டேன்" என்றாள் கிருபா.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "நல்லவேளை. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கஷ்டம்" என்றார்.

மதியம் மாஸ்க்கை எடுத்ததும் பெரியப்பா கிருபாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நான் எதுல விட்டேன்?"

"டி.டி.ஆர் என்ன சொன்னார்னு."

"ஆங். கோழி அவரு கோட்டு மேலயே ஒரு முட்டையைப் போட்டுட்டுல்லா! 'கோழிக்கு முழு டிக்கெட், முட்டைக்கு அரை டிக்கெட் எடு'ன்னுட்டாரு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

சாயங்காலம் பெரியப்பாவோடு அவர்கள் வீடு திரும்பியபோது ஸ்ரீரங்கன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செய்தி அவருக்கு எட்டிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க வந்து சொன்னப்பகூட இவ்ளோ ஆபத்துன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. எல்லா வூட்லயும் பாத்ரூம் உள்ளதான் மாட்டிகினு கீறோம். கேஸ் லீக் ஆவலன்னா போதும்னு நெனச்சுகினு இருந்தேன்."

அவர் உடனே வேலையைத் தொடங்கினார். கீசரைக் கழற்றினார். பின்பக்கத்து வெளிச்சுவரில், நாலு பக்கமும் காற்று வரும் இடத்தில், ஆணி அடித்தார். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே போகச் சுவரில் துளை போட்டார். சிலிண்டரும் வெளியே வந்தது. கிருபா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"டியூபையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு போட்டிருக்கு அண்ணா. நெருப்பு மஞ்சளா எரிஞ்சா நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடணுமாம்."

"சரி பாப்பா. படி, படி."

கிருபா அடுத்த பக்கத்தைத் திருப்பியவள் நிறுத்தினாள். "அண்ணா, இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல மாட்டியிருக்கீங்க?"

ஸ்ரீரங்கன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். "நம்ம தெருக்கோடில ஒண்ணு. குரோம்பேட்டைல ரெண்டு. தாம்பரத்துல ரெண்டு. அப்பால ஊரப்பாக்கத்துல..." விரல் அப்படியே நின்றது. "ஊரப்பாக்கத்துல என் தங்கச்சி சரசு வூடு. கைக்கொயந்த கீது. கொயந்தைக்குக் குளிரும்னு ஜன்னலையே நான்தான் சிமென்ட் வெச்சு மூடினேன்."



கிருபா புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். "மூணாம் பக்கத்துல படம் இருக்கு. சொன்னா நம்பலைன்னா காட்டுங்க. கிளம்புங்க அண்ணா!"

அவர் பையைக்கூட எடுக்காமல் சைக்கிளில் ஏறி ஸ்டேஷனை நோக்கிப் பறந்தார். சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் பாதி வேலையில் நீட்டிக்கொண்டிருந்தன.

அப்பா அந்தக் குழாய்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். காலை ஏழு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. ஸ்ரீரங்கன்தான். கண் சிவந்திருந்தது. தலையெல்லாம் சிமென்ட் தூள்.

"சரசு?" என்று கேட்டபடியே கிருபா வாசலுக்கு ஓடினாள்.

"தாயும் கொயந்தையும் நல்லா கீறாங்க பாப்பா. சரசுக்கு ஒரு வாரமா தலைவலியாம். கண்ணாடி பவர் ஏறிடுச்சுன்னு நெனச்சுகினு இருந்துச்சாம். கீசரைக் கயட்டிட்டேன். ஜன்னலையும் ஒடச்சுட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். பிறகு அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். "சார், மத்த அஞ்சு வூட்டுக்கும் இன்னிக்கே போயாவணும். அதான்... உங்க வூட்டு வேலை கடைசியாத்தான் முடியும். கோச்சுக்காதீங்க."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் கிருபா முந்திக்கொண்டாள்.

"கடைசியாவே வாங்க அண்ணா. எங்களுக்கு அடுப்பு இருக்கு."

அவள் கொடுத்த கேக் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கன் சைக்கிளைத் திருப்பினார். உள்ளேயிருந்து பெரியப்பா, "ஏளா, தண்ணி கொதிச்சுட்டு!" என்று குரல் கொடுத்தார். கிருபா வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.